மூக்கடிப் பொருக்கும் விரற்காயமும்: முபிரோசின் களிம்பைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

தோலில் பாக்டீரியாவால் வரும் புண்ணுக்குத் தடவும் ஆன்டிபயாட்டிக் மருந்தான முபிரோசின் 2 சதவீதக் களிம்பை இந்த ஆண்டில் இரண்டு முறை என் வீட்டில் பயன்படுத்தினேன். முதல் முறை, கோடை விடுமுறையில் என் ஆறு வயது மகனின் முகத்தில் வந்த சிரங்குக்கு. இரண்டாம் முறை, ஆவணி மாதத்தில் கடலில் பாசி எடுக்கப் போன இடத்தில் என் அம்மாவின் விரலில் பட்ட காயத்துக்கு. மகனுக்கு அது முழுமையாகக் குணமளித்தது. அம்மாவுக்கு அது போதவில்லை. மருத்துவமனையில் விரலைக் கீறிச் சீழ் எடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. களிம்பு ஒன்றேதான், மருந்தின் அளவும் ஒன்றேதான். ஒரு வீட்டில் வென்று அதே வீட்டில் தோற்ற மருந்தைப் பற்றி எழுதும்போது, எங்கே அதை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

பாம்பனில் சித்திரை, வைகாசி என்றால் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிள்ளைகள் அவற்றின் நிழலிலேயே பகல் முழுவதும் கிடப்பார்கள். வியர்வை, மணல், உப்புக்காற்று ஆகியவற்றோடு, குளிப்பதற்குப் பெரும்பாலும் கிடைப்பது உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். நல்ல தண்ணீரைக் குடத்தால் அளந்து செலவழிக்கும் வீடுகளில் பிள்ளைகளைத் தினமும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது எளிதன்று. என் மகனுக்கு முதலில் சளி பிடித்தது. மூக்கை ஓயாமல் துடைத்ததில் மூக்கடித் தோல் புண்ணாகி, அங்கே இரண்டு சிறு கொப்புளங்கள் கிளம்பி, மறுநாளே உடைந்தன. உடைந்த இடத்தில் நீர் கசிந்து காய்ந்து, கருப்பட்டிப் பாகைத் தடவி உலர விட்டதுபோல மஞ்சளும் பழுப்புமான பொருக்குக் கட்டியது. அது வலிக்கவில்லை, அரித்தது. அவன் அரித்த விரலாலேயே தாடையையும் தொட்டான். இரண்டு நாளில் தாடையிலும் அதேபோல ஒன்று வந்துவிட்டது.

என் மாமியார் அதை அக்கி என்றார். எங்கள் பகுதியில் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காவி பூசி எழுதி வரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கி என்று நாம் சொல்வது வைரஸால் வருவது. பையனுக்கு வந்திருந்தது பாக்டீரியாவால் வருவது. பார்வைக்கு இரண்டும் கொப்புளம்தான் என்பதால் பெயர் மாறிப்போகிறது. பெயர் மாறினால் மருந்தும் மாறிப்போகும். முபிரோசின் அக்கிக்கு எதுவும் செய்யாது.

எனினும் எங்கள் முதல் தவறு காவி அன்று; மருந்துக்கடைதான். மருத்துவரைப் பார்க்காமல் கடைக்குப் போய், "அண்ணே, பையனுக்கு முகத்துல புண்ணு, ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க" என்று நான்தான் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த ஒரு கிரீம். தடவிய மறுநாளே சிவப்பும் அரிப்பும் குறைந்தன. நான் மகிழ்ந்து போனேன். பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பெயரைச் சொன்னேன். நான்காம் நாள் பொருக்கு கன்னத்தைத் தாண்டிக் காதோரம் வரை பரவியிருந்தது. ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பைத் தணித்து வீக்கத்தை அடக்குகிறது. அதனால் புண் ஆறுவதுபோலத் தோற்றம் கிடைக்கிறது, கிருமியோ தடையின்றிப் பெருகுகிறது. 2018-ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பல, மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத அட்டவணை எச் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அட்டையில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருந்தன. படிக்கத் தெரிந்தும் நான் படிக்கவில்லை. விற்றவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நான்கு நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பிறகு பார்த்த குழந்தை மருத்துவர், பொருக்கைக் கண்டவுடனேயே இது இம்பெடிகோ என்னும் சிரங்கு என்றார். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற கிருமிகளால், சில நேரம் இரண்டும் சேர்ந்து, தோலின் மேலடுக்கில் வருவது இது. சில இடங்களில் மட்டும் இருந்தால் பூச்சு மருந்து போதும். உடம்பெங்கும் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ வாய்வழி மருந்து வேண்டும் என்றார். கலவை கிரீமை அன்றே நிறுத்தச் சொல்லி, முபிரோசினைத் தினமும் மூன்று வேளை தடவ எழுதிக் கொடுத்தார்.

முபிரோசின் எதிலிருந்து வருகிறது என்பதைப் பின்னர் படித்து அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் மற்றொரு பாக்டீரியா தனக்காகச் சுரக்கும் பொருள். 1971-இல் அதைப் பற்றிய ஆய்வு வெளியானது. ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைப் புரதத்தில் கோப்பதற்குக் கிருமிக்கு ஒரு நொதி தேவை. முபிரோசின் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. புரதம் செய்ய முடியாமல் கிருமி வளர்ச்சி நின்று அழிகிறது. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் வேலை செய்யும் இடம் வேறு என்பதால், அவற்றுக்குப் பழகிப்போன கிருமியையும் பல நேரம் இது பிடித்துவிடுகிறது. ஆனால் உடம்புக்குள் போனால் இது விரைவில் சிதைந்து செயலிழந்துவிடும். அதனாலேயே இதை மாத்திரையாகத் தர முடியாது. தோலில் தடவினால் தடவிய இடத்தில் மட்டுமே இதன் ஆட்சி. இந்த ஒரு செய்தியை அப்போதே நன்றாக மனத்தில் வாங்கியிருந்தால், அம்மாவின் கை விஷயத்தில் நான் இரண்டு நாள் முன்னதாகவே விழித்திருப்பேன்.

இனி, பயன்படுத்திய முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் இந்தக் களிம்பின் வெற்றியில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. பொருக்கின் மேல் தடவினால் மருந்து கிருமியைச் சென்றடைவதில்லை. குடத்திலிருந்து நல்ல தண்ணீரைத் தனியே எடுத்துச் சுட வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து பொருக்கின் மேல் ஐந்து, பத்து நிமிடம் வைத்திருப்பேன். பையன் முதலில் தலையைத் திருப்புவான். பிறகு சூடு இதமாக இருப்பது தெரிந்து அமைதியாகிவிடுவான். ஊறிய பொருக்கு ஓரத்திலிருந்து தானே எழும்பும். எழும்பியதை மட்டும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் காய்ந்த பொருக்கைப் பிய்த்து ரத்தம் வர வைத்துவிட்டேன். அன்று இரவு முழுவதும் அவன் என்னைப் பக்கத்தில் விடவில்லை. பொருக்கு நீங்கிய இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். அதை ஒற்றி உலர்த்தி, சோப்பால் கழுவிய என் விரல் நுனியில் உளுந்தளவு களிம்பு எடுத்துப் புண்ணிலும் அதைச் சுற்றிச் சிறிதளவும் மெல்லிதாகப் பூசுவேன். குழாயின் வாயைப் புண்ணில் வைத்து நேராகத் தடவுவது கூடாது. கிருமி குழாய்க்குள் போய்விடும். தடவிய பிறகும் கை கழுவ வேண்டும். பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும் என்பது பூச்சு மருந்துகளுக்குப் பொதுவான கணக்கு. ஆகவே, 5 கிராம் குழாய் சிறியதாகத் தெரிந்தாலும், எங்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

குழாயின் மூடியின் தலையில் இருக்கும் சிறு முள்ளால்தான் அலுமினியத் திரையைக் குத்தித் திறக்க வேண்டும். திறந்தால் பளபளப்பான, வெண்மை கலந்த களிம்பு வருகிறது. இது வாசலின்போல எண்ணெய்ப் பசை உடையதன்று. நீரில் கரையும் மேக்ரோகால் என்ற பசையில் செய்யப்பட்டது. அதனால் முகத்தில் ஒட்டிப் பிசுபிசுக்காமல் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடுகிறது, துணியில் கறையும் விழவில்லை. அதே குணம் எங்கள் ஊரில் குறையாகவும் ஆகிறது: வியர்வையிலும் கடல் தண்ணீரிலும் உடனே கரைந்து போய்விடும். தடவிய கையோடு பையன் கரைக்கு ஓடினால், தடவாததற்குச் சமம். காலையில் தடவியதும் அரை மணி நேரம் வீட்டுக்குள் பிடித்து வைத்தேன். மதிய வேளைப் பூச்சைச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கும் நேரத்துக்கு மாற்றினேன். முதல் இரண்டு நாள் தடவியவுடன் எரிகிறது என்றான். ஒரு நிமிடத்தில் அது அடங்கிவிட்டது. எரிச்சல் நீடித்தாலோ தோல் சிவந்து தடித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அட்டையில், 25 டிகிரிக்கு மேல் வெப்பம் போகாத இடத்தில் வைக்கச் சொல்லி அச்சிட்டிருந்தது. வைகாசியில் பாம்பனில் அப்படி ஓர் இடம் வீட்டில் எங்கே இருக்கும்? தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில், ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். காலாவதித் தேதி குழாயின் அடிமடிப்பில் அச்சாகியிருப்பதால், அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் அது மறைந்துவிடுகிறது. அட்டையை எறியாமல் வைத்திருப்பது நல்லது. விலையைப் பொறுத்தவரை, ஒரு நாள் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சிறிய செலவு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் முபிரோசின் 2022-இல் இந்திய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சீட்டில் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தாலும், முபிரோசின் 2 சதவீதம் என்ற மருந்துப் பெயரைச் சொல்லி, மருந்தகத்தில் விலை குறைந்தது இருக்கிறதா என்று கேட்கலாம். நான் இரண்டாம் முறை வாங்கியது அப்படித்தான். எனக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் புதிய கொப்புளம் வரவில்லை. ஐந்தாம் நாள் நீர் கசிவு நின்றது. ஏழாம் நாள் மூக்கடியில் வெளிறிய தடம் மட்டும் இருந்தது. மருத்துவர் சொன்னபடி அன்றோடு நிறுத்தினேன். தழும்பு விழவில்லை. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் அதையே தடவிக்கொண்டிராமல் மீண்டும் காட்ட வேண்டும் என்பதும், 10 நாட்களுக்கு மேல் எக்காரணம் கொண்டும் தொடரக் கூடாது என்பதும் அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னவை. நீண்ட நாள் தடவினால் முபிரோசினுக்கும் கிருமி பழகிவிடும். அப்படிப் பழகிய கிருமிகள் மருத்துவமனைகளில் ஏற்கெனவே உண்டு. இடையில் அவனுக்குத் தனித் துண்டும் தனித் தலையணை உறையும் வைத்து, நகத்தை ஒட்ட வெட்டி, அவன் தங்கையோடு ஒரே பாயில் படுக்க விடாமல் பார்த்துக்கொண்டேன். தங்கைக்கு வரவில்லை. இந்தப் பங்கு களிம்பினுடையதன்று, துண்டினுடையது.

மருத்துவர் சொன்ன மற்றொன்றை எல்லாத் தாய்மாரும் அறிய வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் தோல் புண் ஆறிச் சில வாரங்கள் கழித்தும், பெரும்பாலும் மூன்று வாரங்களை ஒட்டி, சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வீங்கலாம். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனாலோ, காலையில் எழும்போது கண்ணிமையும் முகமும் உப்பியிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். களிம்பு தடவி ஆற்றிவிட்டோம் என்பதால் அது வராது என்று உறுதி இல்லை. ஒரு மாதம் நான் தினமும் அவன் முகத்தையும் சிறுநீரின் நிறத்தையும் கவனித்தேன்.

மற்ற பூச்சு மருந்துகளோடு ஒப்பிட்டால், ஃபியூசிடிக் அமிலக் கிரீம்தான் இதற்கு நெருக்கமானது. 1962-இல் டென்மார்க்கில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது, சிரங்குக்கு நல்லதே. என் அக்கா வீட்டில் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அங்கும் ஆறியது. ஆனால் அதற்கும் கிருமி எளிதில் பழகிவிடும் என்பதால், அதையும் நாள் கணக்குப் பார்த்தே தடவ வேண்டும். நம் வீட்டு அலமாரிகளில் ஆண்டுக்கணக்காக இருக்கும் ஃப்ராமைசெட்டின் களிம்பு நியோமைசின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலருக்கு அது ஒவ்வாமை அரிப்பைத் தரும். பையனின் மூக்கடிக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். வேப்பிலை வெந்நீரில் குளிப்பாட்டச் சொன்ன மாமியாரை நான் தடுக்கவில்லை. குளிப்பு என்பதே அந்த நேரத்தில் நன்மை.

இனி அம்மாவின் விரல். என் அம்மா நாற்பது ஆண்டுகளாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வருபவர். பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்க, கிழிந்த துணியைக் கீற்றுக் கீற்றாக விரல்களில் சுற்றிக்கொள்வார்கள். அன்று துணி நழுவி, செத்த பவளப்பாறையின் முனை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஆழமாக ஏறியது. வீட்டுக்கு வந்து கழுவிவிட்டு, "உன் மவனுக்குப் போட்டியே, அந்த ஆயின்மென்ட குடுடி" என்று கேட்டார். நானும் பெருமையோடு புதுக் குழாய் வாங்கித் தடவிவிட்டேன். பையனுக்கு ஏழு நாளில் ஆறியதைக் கண்ணால் பார்த்த நம்பிக்கை அது. இரண்டாம் நாள் விரல் வீங்கியது. மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை சிவந்து, தொட்டால் கொதித்தது. நான்காம் நாள் காய்ச்சலோடு அக்குளில் நெறி கட்டியது. அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் விரலைக் கீறிச் சீழை வெளியேற்றி, கழுவி, ஊசியும் மாத்திரையும் தொடங்கி, தனுர்வாத ஊசியும் போட்டார்கள். பணியில் இருந்த டாக்டரம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடல் தண்ணீரில் பட்ட காயத்தில் விப்ரியோ போன்ற வேறு வகைக் கிருமிகள் ஏறலாம் என்றும், அவற்றுக்கு முபிரோசினை நம்ப முடியாது என்றும், ஆழத்தில் இருக்கும் சீழுக்கு மேல்பூச்சு எதுவும் போய்ச் சேராது என்றும் விளக்கினார். ஓரா மீன் முள்ளோ, கெளிறு முள்ளோ, திருக்கை முள்ளோ குத்தினாலும், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார். கல்லீரல் கெட்டவர்களுக்கு அந்தக் கிருமிகள் உயிரையே எடுத்துவிடக் கூடியவை. கரையில் வாழும் எங்களுக்கு இதை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரும் குறையாகப் பட்டது. அம்மாவுக்கு விரல் பிழைத்தது; மடக்கும்போது மட்டும் இன்னும் சற்று விறைப்பாக இருக்கிறது.

இதில் களிம்பின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை. குழாய்க்குள் இருந்த தாளில் அது எந்த நோய்க்கு என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. கண்ணுக்குள்ளும் கண்ணோரத்திலும் கூடாது, வேறு கிரீம்களோடு கலக்கக் கூடாது, பெரிய திறந்த புண்ணிலும் தீப்புண்ணிலும் பரவலாகப் பூசக் கூடாது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பனவும் அதில் உண்டு. ஆனால் அந்தத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் அதை எப்படிப் படிப்பார்கள்? மருந்துகளில் நான் காணும் உண்மையான குறை இதுதான்: தமிழில் நான்கு வரி, கொஞ்சம் பெரிய எழுத்தில், அட்டையின் மேலேயே இருந்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் தெருவில் ஒரு தங்கச்சி, தன் பெண்ணுக்கு உடம்பெல்லாம் புண் என்று சொல்லி அந்த மீதிக் குழாயைக் கேட்டு வந்தாள். பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் சிறு சிறு பொரிகளும், அவற்றைச் சொறிந்து வந்த பொருக்கும் இருந்தன. இரவில் அரிப்பு அதிகமா என்று கேட்டேன். ஆமாம் அக்கா, எனக்கும் அவருக்கும்கூட அரிக்கிறது என்றாள். குழாயை நான் கொடுக்கவில்லை. பெண்ணையும் அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சொறிப்பூச்சி என்று சொல்லி, வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்வரை தடவிக்கொள்ள பெர்மெத்ரின் மருந்து எழுதினார்கள். துணிகளையும் பாயையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடச் சொன்னார்கள். சொறிந்து சீழ் வைத்திருந்த இரண்டு இடங்களுக்கு மட்டும் முபிரோசின் எழுதினார்கள். அதற்கு அவள் புதுக் குழாய் வாங்கிக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து பழையதைக் குப்பையில் போட்டேன்.